விரியன் போத்தலில் எடுத்த நாற்பது மில்லிலீற்றர்

அறிக்கை வெள்ளிக்கிழமை காலை 10.20க்கு என் மேசைக்கு வந்தது. 10.35க்கு டொக்டர் அதை வாசித்து முடித்தார். 10.40க்கு பிலோமினா அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. எழுபத்தொரு வருடம் வாழ்ந்த ஒருவரைக் கைவிட எங்களுக்கு இருபது நிமிடம் போதுமாக இருந்தது. மற்ற எல்லா வேலைக்கும் மாதக்கணக்கில் எடுத்துக்கொண்ட இடம் அது.

இப்போது ஆய்வுகூடங்களில் வேலைக்குச் சேரும் பிள்ளைகள், "அந்தக் காலத்தில வன்னியில எப்பிடி சேர் வேலை செய்தனீங்கள்?" என்று கேட்கிறார்கள். வீரக்கதை ஒன்றை எதிர்பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு செத்த பாம்பின் கதை. 1998ஆம் ஆண்டு நாட்குறிப்பைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். ஞாபகத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அது எப்போதும் எனக்குச் சாதகமாகவே பேசும்.

1. ஆறு போத்தல்கள்

எங்கள் வைத்தியசாலை அப்போது இடம்பெயர்ந்து, மல்லாவிச் சந்தையிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலத் தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயங்கியது. பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளுடன் மரத்தடிக்கு இடம்பெயர்ந்திருந்தது. மரம் இடம்பெயரவில்லை.

எனக்குக் கிடைத்தது விஞ்ஞான அறை. கதிரை ஒன்று, மேசை இரண்டு, நுணுக்குக்காட்டி ஒன்று. மின்சாரம் இல்லாததால் அதன் கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி, வெயிலைப் பிடித்துத்தான் மலேரியாக் கிருமியைத் தேட வேண்டும். மழைக்கால மலேரியாவுக்கு வெயில் வரும்வரை பொறுமை தேவைப்பட்டது.

சுவரோரம் இருந்த அலுமாரியில், உயிரினங்களைக் கெடாமல் திரவத்தில் போட்டு வைத்த ஆறு போத்தல்கள். கடற்குதிரை, தவளை, தேள் என்று ஒவ்வொன்றிலும் ஒன்று. ஆறாவது பெரிய போத்தலில் ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. விஞ்ஞான ஆசிரியர் அறையை ஒப்படைத்தபோது ஒரு பட்டியலில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

"பாருங்கோ, ஆறாம் இலக்கம். விரியன் ஒண்டு, போத்தலோட. இன்வென்ரரியில கிடக்கு. ஒண்டும் குறையக் கூடாது."

"பாம்பு எங்க போகப் போகுது, மாஸ்டர்?"

"சனமே போகுது," என்றார் அவர்.

சரியான பதில். கையெழுத்திட்டேன்.

எங்களிடம் இல்லாத பொருட்களின் பட்டியல் நீளமானது. அதில் முக்கியமானது ஃபோமலின். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டு அழுகாமல் கொழும்பு வரை போக வேண்டுமென்றால் அதில்தான் போட வேண்டும். போர்க்காலம்; இரசாயனம் என்பதால் அரசாங்கத்திடம் அனுமதி கேட்டுத்தான் எடுக்கலாம். கேட்டோம். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அடுத்த அரையாண்டில் எந்தெந்த நோயாளிகளுக்கு எத்தனை மில்லிலீற்றர் தேவைப்படும் என்று பெயர், வயது, முகவரியுடன் அறியத் தரும்படி. எங்கள் சனத்துக்கு, தங்களுக்குக் கட்டி வரப்போவதை முன்கூட்டியே அறிவிக்கும் நல்ல பழக்கம் அப்போது இருக்கவில்லை.

2. குதிக்கால்

பிலோமினா அம்மா முல்லைத்தீவுக் கடற்கரையைச் சேர்ந்தவர். இடம்பெயர்ந்து வந்தபின் மல்லாவிச் சந்தையில் கருவாடு விற்றார். இருந்த கொட்டிலிலிருந்து சந்தைக்கு மூன்று மைல். கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வெறுங்காலுடன் நடந்து போய், நடந்து வருவார். வலது குதிக்காலில் ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவில் கறுப்புப் படை ஒன்று இருந்தது. ஓரம் சீரில்லை. நடுவில் புண்.

"எவ்வளவு காலமா இருக்கு, அம்மா?" என்று டொக்டர் கேட்டார்.

"திருக்கை முள்ளு ஏறினது, டொக்டர். முள்ளு உள்ளுக்க கிடக்கு."

"எப்ப ஏறினது?"

"முல்லைத்தீவில இருக்கேக்கை."

"அங்கயிருந்து வந்து ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சே."

"அதுதானே சொல்லுறன். முள்ளும் என்னோட இடம்பெயர்ந்து வந்திட்டுது."

டொக்டர் சிரிக்கவில்லை. குதிக்காலில் ஒரு சிறு துண்டு வெட்டி எடுத்தார். எங்களிடம் மிஞ்சியிருந்த கடைசி ஃபோமலினை, பதினைந்து மில்லிலீற்றர், அதற்குக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை வவுனியா ஊடாகப் போகும் நோயாளர் வாகனத்தில் துண்டு கொழும்புக்குப் போனது. மெலனோமா என்று பதில் வந்தது. தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்களில் வரும் புற்றுநோய். எங்கள் நிறத்தவர்களுக்கு அது வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில் வரும். அதாவது, யாரும் பார்க்காத இடத்தில்.

அதற்கிடையில் வலது கவட்டில் ஒரு நெறி கட்டியிருந்தது, அதாவது அங்குள்ள நிணநீர்க்கணு வீங்கியிருந்தது. டொக்டர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"குணம், இதுதான் இப்ப கேள்வி. நெறிக்கு நோய் போகேல்லை எண்டால் குதிக்காலை அகலமா வெட்டி, தொடைத்தோல் வைச்சு இஞ்சயே முடிக்கலாம். ஆள் தப்பும். போயிட்டுது எண்டால் கவட்டை முழுக்கத் துப்புரவாக்க வேணும். அது இஞ்ச ஏலாது, கொழும்புதான்."

"வெறுங்காலோட திரியிறவைக்குக் கவட்டில நெறி எப்பவும் கட்டும்தானே, டொக்டர்?"

"ஓம். அதாலதான் கையால பாத்துச் சொல்ல ஏலாது எண்டுறன்."

3. ஒன்பதாம் நிரல்

முதலில் அவரையே கொழும்புக்கு அனுப்பப் பார்த்தோம். அதற்கு வன்னியை விட்டு வெளியேறும் அனுமதிச்சீட்டான பாஸ் வேண்டும். பாஸ் வழங்கும் கந்தோருக்குப் படிவத்துடன் நான் போனேன். பிலோமினா அம்மாவும் வந்தார். ஆள் உயிரோடு இருப்பதைக் கந்தோரில் நேரில் காட்ட வேண்டும் என்பது விதி.

பொறுப்பாளர் படிவத்தை மேலிருந்து கீழே பார்த்தார்.

"ஒன்பதாவதை நிரப்பேல்லை. நோயின் நிலை."

"அது தெரியாது. அதை அறியத்தான் கொழும்புக்கு அனுப்பக் கேக்கிறம்," என்றேன்.

"தெரியாமல் எப்பிடி அனுப்புறது?"

"அனுப்பாமல் எப்பிடித் தெரியிறது?"

என்னை ஒரு மந்தமான மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வாகனத்தில ஆறு இருக்கை. கேக்கிற ஆக்கள் அறுபது. எழுபது தாண்டினவைக்கு ஒன்பதாம் நிரல் கட்டாயம். நிலையை எழுதிக்கொண்டு வாங்கோ."

பிலோமினா அம்மா கடகத்தைக் கீழே வைத்தார். "தம்பி, எனக்கு எழுபத்தொண்டு. எத்தினையில நிண்டிருந்தால் உங்களுக்கு வசதியா இருந்திருக்கும்?"

பொறுப்பாளர் நல்ல மனிதர். கோபிக்கவில்லை. அறுபத்தொன்பது என்று மெதுவாகச் சொன்னார்.

ஆகவே ஆளுக்குப் பதிலாக நெறி போவது என்று தீர்மானமாயிற்று. நெறிக்குப் பாஸ் தேவையில்லை. வயதும் கேட்கமாட்டார்கள்.

4. ஓம், டொக்டர்

சத்திரசிகிச்சை செவ்வாய்க்கிழமை காலை 9.00. பத்து நிமிடம் முன்னதாக டொக்டர் தலையை நீட்டிக் கேட்டார்.

"ஃபோமலின் இருக்கோ, குணம்?"

"ஓம், டொக்டர்."

என் இருபத்திரண்டு வருட சேவையில் நான் பேசிய மிகச் சுருக்கமான பொய் அது. 'இல்லை' என்று சொல்ல எனக்கு வராது. என் அலுமாரியில் ஒன்று இல்லை என்றால் அது என்னுடைய குறைபோல இருக்கும். அதனால் இருப்பதைத் தேடினேன். விரியன் என்னைப் பார்த்தது. அதுவும் ஃபோமலினில்தான் கிடந்தது.

பிப்பெட்டால் நாற்பது மில்லிலீற்றர் உறிஞ்சினேன். தேயிலைச் சாய நிறம். வடிதாளில் இரண்டு முறை வடித்தேன். நிறம் மாறவில்லை. பாம்பின் போத்தலில் மட்டம் குறைந்ததால் அதே அளவு கொதித்தாறிய நீர் விட்டு நிரப்பினேன். இன்வென்ரரியில் ஒன்றும் குறையக் கூடாது அல்லவா?

தியேட்டருக்குப் போகும் வழியில் தள்ளுவண்டியில் படுத்திருந்த பிலோமினா அம்மா யன்னலுக்குள்ளால் இதைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, பாம்பிட்ட என்ன உறிஞ்சுறியள்?"

"மருந்தம்மா."

"நஞ்சில்லைத்தானே?"

"சீச்சீ."

நெறி புளியங்கொட்டை அளவில் வந்தது. வாயகன்ற ஜாம் போத்தலில் போட்டு மூடி, மெழுகால் அடைத்தேன். பெயர், வயது, பக்கம், நேரம் எல்லாவற்றையும் அச்செழுத்துப்போல எழுதினேன். படிவத்தில் 'பயன்படுத்திய திரவம்' என்ற வரியில், பத்து வீத ஃபோமலின் என்று எழுதினேன். அந்த வரியில் எல்லோரும் எழுதுவது அதைத்தான். நானும் இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் எழுதி வந்தேன். கை தானாகவே எழுதியது.

அன்று மாலை நாட்குறிப்பில் மட்டும், 'விரியன் போத்தலிலிருந்து 40 மி.லீ., நிறம் தேயிலைச் சாயம், வயது தெரியாது' என்று குறித்தேன். என் நாட்குறிப்பை நான் தவிர யாரும் வாசிப்பதில்லை. உண்மையைப் பத்திரமாக வைக்க நல்ல இடம்.

5. இருபது நிமிடம்

ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமை அறிக்கை வந்தது. கலங்கள் தெளிவாக இல்லை, கணுவெங்கும் கரும்பழுப்புத் துணிக்கைகள் உள்ளன, குதிக்காலில் மெலனோமா என்று ஏற்கெனவே உறுதியாகியிருப்பதால் கணுவுக்கும் பரவியதாகக் கருதலாம் என்று எழுதியிருந்தது. அதை எழுதிய கொழும்பு வைத்திய நிபுணரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுதிக் கொடுத்ததை நம்பினார்.

"மூண்டாம் நிலை," என்றார் டொக்டர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இந்த வயசில, பரவினாப் பிறகு, குதிக்காலை வெட்டி அவவை வருத்தி என்ன பிரயோசனம்? மருந்து கட்டி அனுப்புவம். எதுக்கும் ஒருக்கால் பாஸ் கந்தோரில கேட்டுப் பாரும்."

கேட்டேன். ஒன்பதாம் நிரல் இப்போது அழகாக நிரப்பப்பட்டிருந்தது.

"மூண்டாம் நிலை, எழுபத்தொரு வயசு," என்றார் பொறுப்பாளர். "இனிப் போய் என்ன செய்யிறது, ஐயா? பாவம், வீட்டில இருக்கட்டும்."

சைக்கிளில் திரும்பும்போது அந்தப் படிவத்தை நினைத்து வியந்தேன். நோய் பரவவில்லையென்றால் கொழும்பு போகத் தேவையில்லை. பரவிவிட்டால் போய்ப் பயனில்லை. எழுபது தாண்டியவர் போகக்கூடிய ஒரு நிலையை அதை வரைந்தவர் மறந்துவிட்டார், அல்லது மறக்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது பிலோமினா அம்மா போய்விட்டார். கட்டிலில் விரித்த சீலையை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

6. நீல லிட்மஸ்

வரும் அறிக்கைகளை எல்லாம் நாட்குறிப்பில் பிரதி செய்வது என் வழக்கம். மாலை ஐந்து மணிக்கு இதையும் எழுதினேன். பிறகு ஒழுங்குக்காக, நெறி எடுத்த நாளின் பக்கத்தைப் புரட்டி, அறிக்கை வந்த திகதியை அங்கே குறிக்கப் போனேன். 'நிறம் தேயிலைச் சாயம்' என்ற வரியின்மேல் பேனை நின்றது.

பயிற்சிக் காலத்தில் படித்த ஒரு விடயம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நெடுங்காலம் கிடந்த ஃபோமலின் அமிலமாகிவிடும். அமிலமான ஃபோமலின் இழையத்திலுள்ள இரத்தத்துடன் சேர்ந்தால் கரும்பழுப்புத் துணிக்கைகள் உண்டாகும். பார்ப்பதற்கு மெலனோமாவின் கருநிறம் போலவே இருக்கும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கியவன் நான்.

விஞ்ஞான அறையில் லிட்மஸ் தாளுக்குப் பஞ்சமில்லை. நீலத் தாள் ஒன்றை விரியன் போத்தலுக்குள் விட்டேன். நான் நீர் கலந்திருந்தும்கூட ஒரு நொடியில் சிவந்துவிட்டது.

டொக்டர் வெளியே வாளியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சிவந்த தாளையும் நாட்குறிப்பையும் அவர் முன் நீட்டினேன். வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

"விரியனோ?"

"ஓம், டொக்டர்."

"நான் இருக்கோ எண்டு கேட்டனான்."

"ஓம், டொக்டர்."

"நீர் ஓம் எண்டனீர்."

"ஓம்."

"இனி ஓம் எண்ட சொல்லை என்னட்ட ஒரு மாசத்துக்குப் பாவியாதேயும். படிவத்தில என்ன எழுதினீர்?"

"பத்து வீதம் எண்டு."

"எந்தப் பத்து வீதம்? பாம்பின்ர பத்து வீதமோ?" கையைத் துடைத்தார். "அப்ப அந்தக் கறுப்பு நோயோ, உம்மட கைவேலையோ எண்டு இப்ப ஒருத்தருக்கும் தெரியாது."

"கண்டுபிடிக்கலாம், டொக்டர். நெறியில எடுத்த அதே மெல்லிய வெட்டை பிக்ரிக் அமிலத்தில வைச்சால் ஃபோமலினால வந்த கறுப்புக் கரையும். மெலனோமாக் கறுப்புக் கரையாது. வெட்டு கொழும்பில அவையிட்டத்தான் இருக்கு."

"அப்ப எழுதும். எல்லாத்தையும் எழுதும். பாம்பையும் எழுதும். என்ர கையெழுத்தும் வேணும், ஆனால் பிழை ஆருடையது எண்டு உம்மட கையெழுத்தில இருக்கட்டும். அந்த மனுசியை வீட்டை அனுப்பினது நான். அதை நான் சொல்லிக்கொள்ளுறன்."

கடிதம் இரண்டு பக்கம். என் வாழ்க்கையில் கிறுக்கி எழுதிய ஒரே அரசாங்கக் கடிதம் அது.

7. சந்தை

திங்கட்கிழமை கடிதம் வாகனத்தில் ஏறியது. நான் மல்லாவிச் சந்தைக்குப் போனேன். பிலோமினா அம்மா சாக்கில் கருவாட்டைப் பரப்பி, குதிக்கால் நிலத்தில் படாமல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, சாக முதல் கருவாடு வாங்க வந்தனீங்களோ? நான் சாக முதல் எண்டு சொல்லுறன்."

சொன்னேன். விரியனில் தொடங்கி லிட்மஸ் வரை, நேரப்படி. பக்கத்துச் சாக்கில் பாரைக் கருவாடு விற்றவர் விலை சொல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிலோமினா அம்மா கருவாட்டில் மொய்த்த இலையானை விரட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப வருத்தம் எனக்கில்லை, பாம்புக்கோ?"

"அப்பிடியும் சொல்ல ஏலாது, அம்மா. பாத்துத்தான் சொல்லலாம். நெறியில இல்லை எண்டு வந்தால் டொக்டர் குதிக்காலை வெட்டிச் சுகப்படுத்துவார். இருந்தால்..."

"இருந்தால் இப்ப மாதிரித்தான்." கருவாட்டைப் புரட்டி அடுக்கினார். பிறகு, "அண்டைக்கு நான் கேட்டனான், நஞ்சோ எண்டு. சீச்சீ எண்டனீங்கள்."

"ஓம், அம்மா."

"மூண்டு நாளாய் மாதாவிட்ட நல்ல சாவு கேட்டுக்கொண்டிருந்தனான். இப்பப் போய் வேற கேக்க வேணும். அவாவும் என்ன நினைப்பா?" என்றார். பிறகு ஒரு கட்டு நெத்தலியைத் தாளில் சுற்றி நீட்டினார். "பிடியுங்கோ. முகத்தைப் பாத்தால் உங்களுக்குத்தான் மூண்டாம் நிலை போல கிடக்கு."

8. பதில்

பத்தொன்பது நாள். அதற்குள் இரண்டு வாகனங்கள் வந்து போயின. இரண்டிலும் எனக்குக் கடிதம் இல்லை. அந்தக் குதிக்கால் எங்களுக்காகக் காத்திருக்காது என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில் சந்தைக்குப் போய் அதை அளந்தேன். அளப்பதைத் தவிர எனக்குச் செய்யத் தெரிந்தது வேறில்லை.

மூன்றாவது வாகனத்தில் பதில் வந்தது. பிக்ரிக் அமிலத்தில் துணிக்கைகள் முழுவதும் மறைந்துவிட்டன. கணுவின் மிகுதியையும் புதிதாக வெட்டிப் பார்த்ததில் புற்றுக்கலங்கள் காணப்படவில்லை. கிருமித் தொற்றால் வீங்கிய கணு. கடைசி வரி எனக்கென்றே எழுதப்பட்டது: 'திரவம் எதுவாயினும் தயவுசெய்து அதையே எழுதவும்.'

அந்த நிபுணர் எங்களுக்காக நல்ல ஃபோமலின் ஒரு போத்தலும் அனுப்பியிருந்தார். அது வந்து சேரவில்லை. இரசாயனத்தை வழியில் தடுத்து வைத்ததற்கான பற்றுச்சீட்டு வந்தது. அதை முறையாகக் கோவைப்படுத்தினேன்.

அடுத்த நாளே டொக்டர் குதிக்காலை அகலமாக வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார். தோல் பிடிக்க மூன்று வாரம். பிறகு பழைய வாகன ரயரில் வெட்டிய செருப்பு ஒன்றை, குதிக்கால் படும் இடத்தில் குழிவாகச் செதுக்கி, தானே செய்து போட்டுக்கொண்டு பிலோமினா அம்மா நடந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கவட்டைக் காட்டுவார். வரும்போதெல்லாம் என் யன்னலில் நின்று, "விரியன் சுகமோ?" என்று விசாரிப்பார். என் குறிப்பில் ஒன்பது வருகைகள் உண்டு. ஒன்பதிலும் நெறி இல்லை. 2001இல் நான் வவுனியாவுக்கு மாற்றலாகிப் போனேன். அதன்பின் அவரைப் பற்றி என்னிடம் குறிப்பு இல்லை. இல்லாததை நான் எழுதமாட்டேன்.

போகும்போது விஞ்ஞான அறையை ஆசிரியரிடம் திருப்பி ஒப்படைத்தேன். ஆறாம் இலக்கத்துக்கு எதிரே நான் எழுதியதை அவர் சத்தமாக வாசித்தார்.

"'விரியன் 1. திரவத்தில் 40 மி.லீ. அகற்றி நீர் சேர்க்கப்பட்டது. காரணம்: நோயாளி ஒருவரின் நிணநீர்க்கணு. திரவம் அமிலம், பாவிக்க வேண்டாம்.' இதென்ன, ஐயா? இன்வென்ரரியில இப்பிடி எழுத ஏலாது."

"ஏன்?"

"இதுக்கு ஒரு நிரலும் இல்லையே. இருக்கு, இல்லை. ரெண்டே ரெண்டுதான்."

இளம் நண்பர்களே, உங்களுக்கும் படிவம் தருவார்கள். அதில் நிரல்கள் இருக்கும். நீங்கள் செய்த காரியத்துக்கு அவற்றில் இடம் இருக்காது. ஓரத்தில் எழுதுங்கள். அன்று நான் பேனையால் கோடிழுத்து மூன்றாவது நிரல் ஒன்று போட்டுக் கொடுத்தேன். ஆசிரியர் தலையில் கையை வைத்துக்கொண்டு கையெழுத்திட்டார்.